டிரிப்பர் தானாக விழாது

மேற்கே அய்யனார் கோவில் மலையில் இருட்டிக்கொண்டு வந்துவிட்டால், பொழுது சாய்வதற்குள் எனக்குப் போன் வந்துவிடும். “அண்ணாச்சி, வாசல்ல தண்ணி ஏறுது. மெயினை நிறுத்தணுமா? தண்ணி பட்டா டிரிப்பர் தானா விழுந்துரும்ல?”

விழாது. வயரிங் வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படித்தவர்களும் இதே கேள்வியைக் கேட்கும்போது கோபம்தான் வருகிறது.

நம் ஊரில் டிரிப்பர் என்பது எம்சிபி. வயர் சூடேறி எரியாமல் காப்பது அதன் வேலை. ஆளைக் காப்பது அல்ல. 16 ஆம்பியர் எம்சிபி, 18 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்க வேண்டும் என்பதுதான் அதன் தரவிதி. இப்போது உங்கள் உடம்புக்கு வாருங்கள். நனைந்த உடம்பின் தடையைச் சுமார் 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் பாய்வது 230 மில்லி ஆம்பியர். கால் ஆம்பியர்கூட இல்லை. ஆனால் இதயத்தை நிறுத்த அதுவே ஏராளம். 60 வாட் குண்டு பல்பு இழுப்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான். பல்பு எரிகிறதா, மனிதன் துடிக்கிறானா என்று எம்சிபிக்குத் தெரியாது.

விழுவது ஆர்சிசிபி. போன கரண்ட் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வேறு வழியில் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். உங்கள் போர்டில் ‘டி’ என்று எழுதிய சின்னப் பொத்தான் இருக்கிறதா? அதை அழுத்தினால் விழ வேண்டும். மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். பொத்தானே இல்லையென்றால் உங்கள் வீட்டில் ஆர்சிசிபி இல்லை. இருந்தாலும், ஒரு கை பேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டால் அதுவும் காப்பாற்றாது. அதனால் தண்ணீர் வீட்டுக்குள் வரும் முன்பே மெயினை நிறுத்துங்கள். வந்துவிட்டதா, முழங்கால் தண்ணீரில் மெயின் போர்டைத் தேடிப் போகாதீர்கள். வெளியே நின்று மின்வாரியத்தின் மின்னகத்துக்கு, 94987 94987, போன் போட்டு லைனை நிறுத்தச் சொல்லுங்கள்.

“நம்ம தெருவுல மழையே இல்லையே” என்பார்கள். மலையில் பெய்தால் போதாதா? அருவிக்குக் குளிக்கப் போனவர்கள் ஆற்றுக்கு அக்கரையில் மாட்டிக்கொண்ட கதை எத்தனை கேட்டிருக்கிறோம்! ஊருக்குள்ளேயே கொட்டினாலோ? 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில் யோசித்து மெயினை நிறுத்த நேரம் இருக்காது.

மற்றதையும் சொல்லிவிடுகிறேன். மலைத்தண்ணீர் சுத்தம், கரண்ட் பாயாது என்பது பொய். சாக்கடையும் மண்ணும் கலந்த பிறகு அது நன்றாகவே கடத்தும். ரப்பர் செருப்பு போட்டால் போதும் என்பதும் பொய். செருப்பே தண்ணீருக்குள் இருக்கிறது. இ.பி. கரண்ட் போய்விட்டால் பயமில்லையாம்! இன்வெர்ட்டரிலிருந்து வருவதும் அதே 230 வோல்ட்தான்; அதையும் அணையுங்கள். தண்ணீர் வடிந்து சுவர் காய்ந்தால் சுவிட்சைப் போடலாமா? கூடாது. பைப்புக்குள் தண்ணீரும் பெட்டிக்குள் சேறும் நிற்கும். லைசென்ஸ் உள்ள வயர்மேன், வயரின் இன்சுலேஷன் தடையை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்து, 1 மெகா ஓமுக்குக் குறையாமல் காட்டினால்தான் போட வேண்டும்.

எனக்குத் தீராத ஆற்றாமை பிளக் பாயின்ட் உயரம். கண்மாய்க்குக் கீழே, ஓடைக்கரையில் வீடு கட்டுகிறவர்களும் டிவிக்கு அழகு என்று தரையிலிருந்து ஒரு அடியில் வைக்கச் சொல்கிறார்கள். நாலரை அடிக்கு ஏற்றுங்கள். கீழ்த்தளத்துக்குத் தனி எம்சிபியும் ஆர்சிசிபியும் போடுங்கள். டைல்ஸுக்கு லட்சம் செலவழிக்கிறவர், சுமார் 2,000 ரூபாய்ச் சாமானுக்கு என்னிடம் பேரம் பேசுகிறார். அரசு கட்டித் தரும் தொகுப்பு வீடுகளிலும் இதைக் கட்டாயமாக வைத்துக் கொடுக்க வேண்டும். அங்கே குடியிருக்கும் கூலிக்குடும்பங்கள்தான் பள்ளத்தில் இருக்கின்றன.

இந்த வேலைக்கு என்னைப் புரட்டாசியிலேயே கூப்பிடுங்கள். ஐப்பசி மழையில் ஈரச் சுவரை உடைத்து வயர் இழுக்க நான் வர மாட்டேன்.