டவர் தாங்கும், படகு தாங்குமா?

கேள்வி: என்னிடம் 14 அடி ஃபைபர் படகும் 25 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் இருக்கின்றன. வேக்போர்டு ஆடுபவரை இழுக்க, படகின் மேல் வளைவாக நிற்கும் டவரில் கயிறு கட்டுகிறார்களே, அதுபோல் ஒன்றை உள்ளூர்ப் பட்டறையில் அலுமினியக் குழாயில் செய்து நானே பொருத்தலாமா? கோமுகி அணையில் ஓட்ட ஆசை.
— வாசகர், கச்சிராயப்பாளையம்

பதில்: உங்கள் படகில் வேண்டாம். நல்ல பட்டறைக்காரர் செய்தால் டவர் உடையாது, கவிழப்போவது படகுதான். பலகையில் வருபவர் சட்டென்று ஒரு பக்கம் விலகும்போது கயிறு படகைப் பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு 60 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கயிறு நீர்மட்டத்திலிருந்து அரை மீட்டரில் இருந்தால் படகைச் சாய்க்கும் திருப்புவிசை 30 கிலோகிராம்-மீட்டர். 2 மீட்டர் உயர டவரில் இருந்தால் 120. அறுபது கிலோ ஆள் ஒருவர் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்தால், அதாவது சுமார் 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்தால், உண்டாவது 42. ஆக, தாழ்ந்த கொக்கியில் ஓர் ஆள் நகர்ந்த அளவுகூடச் சாயாத படகு, டவர் வைத்தபின் மூன்று பேர் ஒரே விளிம்புக்குப் பாய்ந்ததுபோல் சாயும். டவரின் சொந்த எடையும் உச்சியில் சேர்கிறது. உயரமும் ஒருபக்க எடையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் கவிழ்ந்த இரண்டடுக்குப் படகே சாட்சி. 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் 22 பேரைப் பலிகொண்டதும் மீன்பிடிப் படகை மாற்றியமைத்த சுற்றுலாப் படகுதான்.

‘வெளிநாட்டில் எல்லாப் படகுக்கும் பொருந்தும் என்றே டவர் விற்கிறார்களே?’ என்று கேட்கலாம். அங்கே ‘பொருந்தும்’ என்பது கால்களின் அகலத்தைப் பற்றிய பேச்சு. படகின் சமநிலைக்கு அது உத்தரவாதம் அல்ல. டவரோடு வடிவமைக்கப்பட்ட படகுகள் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் அகலமும் டன் கணக்கில் எடையும் கொண்டவை. அடித்தளத்தில் நீர்த்தொட்டி வைத்து எடையைத் தாழ்த்துபவை. அவற்றில்கூடக் கால்களுக்கு அடியில் அகலமான தகடு வைத்து, தளத்தை ஊடுருவும் போல்ட் போட்டு, துளைகளில் நீர் இறங்காமல் பூசி, அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் நேராக உரசி அரிக்காதபடி நைலான் வாஷர் இடுகிறார்கள். டவரில் ஆள் ஏறக்கூடாது, காற்றடைத்த ட்யூபைக் கட்டி இழுக்கக்கூடாது என்று தயாரிப்பாளர்களே எச்சரிப்பதும் உண்டு. ‘மணல் மூட்டையோ தண்ணீர் டிரம்மோ வைத்து நானும் எடை கூட்டிக்கொள்கிறேன்’ என்றால், சிறு படகில் விளிம்புக்கும் தண்ணீருக்கும் உள்ள இடைவெளி குறைந்து அலை உள்ளே ஏறும். பாதி நிரம்பிய டிரம்மில் தண்ணீர் சாயும் பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும்.

‘என் படகு, என் துணிச்சல்’ என்ற வாதமும் நிற்காது. இயந்திரப் படகைக் கட்டவோ மாற்றவோ முன் அனுமதி பெறவேண்டும் என்கிறது 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். கோமுகியோ 46 அடி மட்டத்துக்குக் கட்டிய பாசன அணை. நீர்வளத் துறையின் அனுமதியில்லாமல் அங்கே தனியார் படகு இறங்க முடியாது. பாசனத்துக்குத் திறந்துவிட்டு மட்டம் இறங்கும்போது, நேற்று ஆழமாயிருந்த இடத்தில் இன்று பாறை தட்டலாம். கல்வராயன் மலையில் கரியாலூர் படகு குழாம் இருக்கிறதே என்றால், அது மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும் போதுமான சிறிய ஏரி. விசைப்படகு வளைந்து திரும்பக்கூட இடம் போதாது.

இழுவை விளையாட்டுதான் நோக்கம் என்றால் டவர் தேவையே இல்லை. அனுமதி கிடைத்த நீர்நிலையில், படகின் பின்பலகையில் தாழ்வாக, இரு பக்கமும் உறுதியான கொக்கிகளில் கயிறு கட்டி, எடை குறைந்தவரை, மண்டியிட்டு ஆடும் நீபோர்டில் இழுக்கலாம். உயரத் தாவ விரும்புவோருக்கும் வழி உண்டு: ஜெர்மனியின் புரூனோ ரிக்சன் 1960-களிலேயே படகை விட்டுவிட்டு, கரையில் கம்பம் நட்டு மின்மோட்டாரால் கம்பிவடத்தை இழுக்கும் முறையை உருவாக்கினார். அதில் உயரமான இழுப்பைத் தாங்குவது தரையில் ஊன்றிய கம்பம். கவிழ்வதற்குப் படகே இல்லை. டவருக்கு ஒதுக்கிய பணத்தில் தரமான லைஃப் ஜாக்கெட்டும், ஓட்டுநர் கீழே விழுந்தால் மோட்டாரை நிறுத்தும் கில் ஸ்விட்ச் கயிறும் வாங்குங்கள். ஓட்டுநரைத் தவிர, பின்னால் வருபவரை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் படகில் கட்டாயம் இருக்கட்டும்.