கேளுங்கள், எழுத்திலே கேளுங்கள்: இங்கிலாந்தில் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையை வளர்க்கும் இளம் பெற்றோருக்கு

"உங்கள் மகனால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை, ஏ.டி.எச்.டி.யாக இருக்கலாம்" என்று ஆசிரியர் சொன்ன அன்று இரவு உங்களுக்கு நித்திரை வந்திருக்காது. நம்மவர் பலருக்குத் துணையாகப் பாடசாலைக் கூட்டங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் போய் வந்தவள் என்ற முறையில் ஒன்று சொல்வேன். இந்த நாட்டில் உதவி உண்டு. கேட்டவருக்குத்தான் அது கிடைக்கும். எழுத்தில் கேட்டவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு இன்னும் கூட.

1. குழப்படி என்று சொல்லிக் காலத்தைக் கடத்தாதீர்கள்.
"தகப்பனும் சின்னனில் இப்படித்தான்" என்று ஊரிலிருந்து சொல்வார்கள். அதை டொக்டரிடமும் சொல்லுங்கள், ஏ.டி.எச்.டி. பரம்பரையில் வலுவாக வருவது. வளர்ப்புப் பிழையால் வருவதில்லை, அடியால் போவதுமில்லை. பெண் பிள்ளைகளில் இன்னும் கவனமாக இருங்கள். ஓடித் திரியாமல் யன்னலைப் பார்த்தபடி இருப்பவளை எல்லோரும் "அமைதியான பிள்ளை" என்று விட்டுவிடுவார்கள். கவனம் நிற்காமல் அவள் படும் பாடு வெளியே தெரிவதில்லை.

2. ஒரு கொப்பி எடுத்து எழுதத் தொடங்குங்கள்.
"சொல்வழி கேட்கிறானில்லை" என்பதை வைத்து டொக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய் மாலை. எட்டுக் கணக்கு. இரண்டாவதில் பென்சில் தேடிப் போனான். பிறகு தண்ணீர் குடிக்க. பிறகு வெளியே பூனை. நான் பக்கத்தில் இருந்து விரலால் காட்டக் காட்ட, முக்கால் மணித்தியாலத்தில் ஐந்து செய்தான். ஐந்தும் சரி." பிள்ளைக்குப் புத்தி குறைவில்லை, கவனம்தான் நிற்கவில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் வேலை நடக்கும் என்ற மூன்றும் இதற்குள் வந்துவிட்டன.

3. படிவத்தில் வீட்டு நிலையை மறைக்காதீர்கள்.
டொக்டரின் மதிப்பீட்டுக்காக ஆசிரியருக்கும் உங்களுக்கும் தனித்தனியாகக் கேள்விப் படிவம் வரும். 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா, 6 மாதத்துக்கு மேல் நீடிக்கின்றனவா, வீடு, பாடசாலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிகின்றனவா என்று பார்ப்பார்கள். மானத்துக்குப் பயந்து "வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லை" என்று கோடு போட்டால், அந்த ஒரு கோட்டாலேயே பிள்ளைக்குக் கிடைக்க வேண்டியது தவறிப்போகலாம்.

4. நோயின் பெயர் வரும்வரை பாடசாலை காத்திருக்கத் தேவையில்லை.
ஒவ்வொரு அரசுப் பாடசாலையிலும் சென்கோ என்ற பொறுப்பாசிரியர் இருக்கிறார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி ஒரு கூட்டம் கேளுங்கள். முன் வரிசையில் இடம், ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, வேலையைச் சிறு துண்டாகப் பிரித்துக் கொடுத்தல், நடுவில் எழுந்து நடக்க அனுமதி ஆகியவற்றுக்கு டொக்டரின் கடிதம் வேண்டியதில்லை. தேவை இருந்தால் போதும். கூட்டம் முடிந்த அன்றே, "இன்று நாம் ஒப்புக்கொண்டவை இவை" என்று நாலு வரி எழுதி அனுப்புங்கள். வாயால் சொன்னது ஆசிரியர் மாறும்போது மறைந்துவிடும்.

5. பாடசாலை தரும் உதவி போதாவிட்டால் கவுன்சிலுக்கு எழுதுங்கள்.
2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, இ.எச்.சி. (கல்வி, சுகாதார, பராமரிப்பு) திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோர் நேரடியாகவே கவுன்சிலிடம் கேட்கலாம். பாடசாலையின் அனுமதி தேவையில்லை. மதிப்பிடுவதா இல்லையா என்று கவுன்சில் 6 கிழமைக்குள் சொல்ல வேண்டும். திட்டம் தருவதானால் எல்லாம் 20 கிழமைக்குள் முடிய வேண்டும். மறுத்தால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தின் திகதியிலிருந்து பொதுவாக 2 மாதம்தான் அவகாசம், அதற்குள் சமரசத்துக்கான ஆலோசனையையும் கேட்க வேண்டும். ஆகவே கடிதத்தை மேசையில் போட்டு வைக்காதீர்கள். உங்கள் பகுதியின் சென்டியாஸ் சேவை இலவசமாக வழிகாட்டும். இப்சியா என்ற தொண்டு நிறுவனம் மாதிரிக் கடிதங்களே வைத்திருக்கிறது.

6. "இன்றைக்கு நேரத்தோடு கூட்டிக்கொண்டு போங்கள்" என்று பாடசாலை சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்.
நடத்தைக்காகப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதானால் பாடசாலை அதை முறையாகப் பதிந்து கடிதம் தர வேண்டும். பெற்றோர் சம்மதித்தாலும், பதியாமல் அனுப்புவது இங்கிலாந்தில் சட்டத்துக்குப் புறம்பானது. மரியாதையாகவே, "எழுத்தில் தாருங்கள்" என்று கேளுங்கள். பதிவு இருந்தால்தான் பிள்ளைக்குக் கூடுதல் உதவி தேவை என்று நாளைக்கு நிறுவலாம்.

7. வரிசை நீளம் என்று சோராதீர்கள்.
ஜீ.பி.யிடம் கொப்பியோடு போய்ப் பரிந்துரை கேளுங்கள். உள்ளூர் கிளினிக்கில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டி வரலாம். "ரைட் டு சூஸ்" முறைப்படி, என்.எச்.எஸ். ஒப்பந்தம் உள்ள, பிள்ளையின் வயதினரைப் பார்க்கும் வேறு நிறுவனத்துக்கு அனுப்பும்படி கேட்கலாம். செலவு என்.எச்.எஸ். உடையது.

8. மருந்தைப் பற்றிப் பயமிருந்தால் டொக்டரிடம் கேளுங்கள்.
5 வயதுக்குக் கீழே முதலில் தருவது பெற்றோருக்கான பயிற்சிதான். அதற்கு மேல், சூழலை மாற்றியும் சிரமம் நீடித்தால் மெதில்ஃபெனிடேற் என்ற மருந்தைத் தொடங்கலாம். பசி குறையலாம், நித்திரை பிந்தலாம். அதனால் குளிசைக்கு முன்பே காலைச் சாப்பாட்டை வயிறாரக் கொடுங்கள். உயரம், நிறை, நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் பார்க்கும் தவணைகளைத் தவறவிடாதீர்கள். குடும்பத்தில் இளவயதில் இதய நோயாலோ திடீரென்றோ இறந்தவர் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். ஊருக்குப் போகும்போது மருந்தை அதன் பெட்டியோடு, டொக்டரின் கடிதத்தோடு கைப்பையில் வையுங்கள். 3 மாதமோ அதற்கு மேலோ வேண்டிய மருந்தென்றால் பிரித்தானிய உள்துறையின் அனுமதிப் பத்திரம் வேண்டும். போகும் நாட்டின், வழியில் இறங்கும் நாட்டின் விதியையும் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள்.

9. விசாவுக்குப் பயந்து ஒதுங்காதீர்கள்.
பாடசாலை உதவியும் இ.எச்.சி. திட்டமும் என்.எச்.எஸ். சிகிச்சையும் விசா விதி சொல்லும் "பொது நிதி" அல்ல. ஆனால் 16 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கான டி.எல்.ஏ. என்ற இயலாமைக் கொடுப்பனவு பொது நிதிதான். அதற்கு விண்ணப்பிக்க முன் உங்கள் விசாவில் தடை இருக்கிறதா என்று குடிவரவுச் சட்ட ஆலோசகரிடம் கேளுங்கள்.

10. தமிழை விடாதீர்கள்.
இரண்டு மொழி பேசுவதால் ஏ.டி.எச்.டி. வராது, தமிழை நிறுத்தினால் அது குறையவும் போவதில்லை. உங்களுக்கு ஆங்கிலம் தயக்கமென்றால், தவணை பதியும்போதே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள், என்.எச்.எஸ். இலவசமாக ஏற்பாடு செய்யும். மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தம்பியின் குறையைச் சொல்லும் பாரம் அக்காவுக்கு வேண்டாம்.

11. குறைகளைச் சொல்லும் இடத்தோடு நிறுத்துங்கள்.
உதவி பெறுவதற்காகப் பிள்ளையால் முடியாததையெல்லாம் டொக்டரிடமும் சென்கோவிடமும் கவுன்சிலிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வரும். அந்தப் பேச்சு வீட்டுக்குள் வரக்கூடாது. "உன் மூளை வேகமாக ஓடும், அதை நிறுத்தக் கொஞ்சம் உதவி வேண்டும், அந்த உதவியை நாங்கள் வாங்கித் தருகிறோம்" என்று பிள்ளையிடமே சொல்லுங்கள். அலுவலகங்களுக்கு எத்தனை பக்கம் எழுதினாலும், தாய் தகப்பன் வாயிலிருந்து பிள்ளை கேட்க வேண்டியது அதுதான்.