உடல் பராமரிப்புச் செலவும் குடும்பக் கணக்கும்

சென்ற தலைமுறையில் நம் வீடுகளில் தலைக்குச் சீயக்காயும் அரப்பும், முழுக்குக்கு நல்லெண்ணெயும், பல்லுக்குச் சாம்பலும் வேப்பங்குச்சியும் போதுமாயிருந்தன. பல கிராமங்களில் முடி திருத்துவோருக்கு அறுவடைக் களத்தில் நெல்லாகவே கூலி அளந்தனர். செலவு அன்றும் இருந்தது. ஆனால் அது உழைப்பாகவும் தானியமாகவும் கழிந்தது. இன்று அவை அனைத்தும் ரொக்கச் செலவாகிவிட்டன. இம்மாறுதலை நன்கு உணர்ந்தாலன்றி நம் குடும்பக் கணக்கு நேராகாது.

வருமானம் உயர உயர அதில் உணவுக்குச் செல்லும் பங்கு குறையும் என்று 1857-இல் எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் கண்டார். இந்தியக் கிராமக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 1999-2000-இல் நூற்றுக்கு 59.4, 2011-12-இல் 52.9; 2022-23-இல் 46.4. இவ்வாறு விடுபட்ட பணம் மருந்து, பயணம், கைபேசி ஆகியவற்றோடு சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு ஆகியவற்றுக்கும் செல்கிறது.

இப்பொருள்கள் சிற்றூர்க் கடை வரை வந்ததற்குச் சிறு பொட்டலமே பெருங்காரணம். கடலூர் சின்னிகிருஷ்ணன் அவ்வழியைக் காட்டினார். 1983-இல் அவர் மகன் ரங்கநாதன் தொடங்கிய நிறுவனத்தின் சிக் ஷாம்பு அவ்வழியே கிராமங்களில் பரவிற்று. சில்லறைக் காசுக்குக் கிடைப்பதால் இச்செலவு நம் கண்ணுக்குப் படுவதில்லை.

இதனால் யாவற்றையும் விட்டுவிட வேண்டும் என்று நாம் கூறவில்லை. மருந்து தெளித்து வந்த விவசாயி சோப்பிட்டுக் குளிப்பது உடல்நலத்துக்கு இன்றியமையாதது. நெசவாளர் கை சுத்தமாயிருந்தால்தான் புடவையில் கறை படியாது. கறை பட்டால் கூலி குறையும். குறைக்க வேண்டியது தூய்மையை அன்று, கணக்கில்லாத செலவையே.

வாங்கும்போது விலையை மட்டும் பாராமல் எடையையும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, 100 கிராம் சோப்பு 40 ரூபாய், 75 கிராம் சோப்பு 33 ரூபாய் என்று கொள்வோம். முன்னது கிராமுக்கு 40 காசு. பின்னது 44 காசு. மாதம் 300 கிராம் செலவாகும் வீட்டில் ஆண்டுக்கு 144 ரூபாய் வேறுபடும். ஆனால் பெரியதே எப்போதும் மலிவு என்று எண்ணிவிடலாகாது. 6 மில்லி ஷாம்பு 2 ரூபாய், 180 மில்லி புட்டி 144 ரூபாய் எனில், அதே 180 மில்லி 30 பொட்டலங்களாக 60 ரூபாய்க்கே கிடைத்துவிடும். ஆகவே வழக்கத்தை நம்பாமல் வகுத்துப் பார்ப்பதே முறை.

சோப்பின் தரத்தையும் நோக்குக. உறையில் டி.எஃப்.எம். என்று குறிப்பது அதிலுள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவாகும். இந்தியத் தர நிர்ணயப்படி முதல்தரக் குளியல் சோப்பில் அது நூற்றுக்கு 76-க்குக் குறையலாகாது. இரண்டாம் தரத்தில் 70. மூன்றாம் தரத்தில் 60. ‘பேதிங் பார்’ எனப்படுவதற்கு 40 இருந்தாலே போதும். இரண்டையும் ஒரே பொருளாக எண்ணி விலையை ஒப்பிடுவது தவறு.

மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் குளியல் சோப்பு, ஷாம்பு, தலை எண்ணெய், பற்பசை ஆகியவற்றின் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 18-இலிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. முடி திருத்தகச் சேவைக்கும் அவ்வாறே. நாம் கொடுக்கும் விலையில் அக்குறைவு தெரிகிறதா என்று பழைய உறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் கடமை.

நெய்த உருப்படிக்குக் கூலி பெறும் குடும்பத்துக்கும், அறுவடையில் மட்டும் பணம் காணும் குடும்பத்துக்கும் சிறு கசிவுகளே பிற்பாடு கடனாகின்றன. பத்தும் இருபதுமாகக் கழியும் பணம் சங்கத்தின் சிக்கன நிதியில் சேருமானால், தறி நிற்கும் மழைக்காலத்தில் வட்டிக்காரர் வாசலுக்குச் செல்ல வேண்டியிராது.

பயிற்சி: ஒரு மாதம் வீட்டில் வாங்கிய உடல் பராமரிப்புப் பொருள்களின் உறைகளை எறியாது ஒரு பையில் சேர்த்து வையுங்கள். மாத முடிவில் எடை, விலை, கிராமுக்கு ஆன காசு ஆகியவற்றைக் குறித்து, முடி திருத்தகச் செலவையும் சேர்த்து, மொத்தம் வருமானத்தில் நூற்றுக்கு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளும் உடனிருந்து இக்கணக்கைப் பார்த்தல் நலம். ஏனெனில் செலவு எல்லோருடையது; சேமிப்பும் அவ்வாறே.