புதிய கடல்நீர்த் தொட்டியில் பாசியா? தீனியைக் குறையுங்கள்!

கண்ணாடித் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது பொழுதுபோக்காக மட்டுமன்றி, வீட்டிலேயே செய்யக்கூடிய உபதொழிலாகவும் விளங்குகிறது. மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில், கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறை உருவாக்கப்பட்டுள்ளது. எனவே கடலில் பிடிக்காமலேயே இம்மீன்களைப் பெற முடிகிறது.

ஆனால் புதிதாகத் தொட்டி அமைப்போர் பலர் இரண்டாவது மாதத்திலேயே மனம் தளர்ந்து விடுகின்றனர். காரணம் பாசி. வெள்ளை மணலும் கண்ணாடியும் முதலில் பழுப்பாகி, பிறகு பச்சையாகி விடுகின்றன. அவசரப்பட்டு ஏதேனும் ஒரு மருந்தை ஊற்றுகின்றனர். பாசியோடு மீனும் மடிகிறது. பாசி மீனைக் கொல்வது அரிது. பாசிக்குச் செய்யும் அவசர வைத்தியமே மீனைக் கொல்கிறது.

பாசி ஏன் வருகிறது?

வயலில் யூரியா இட்டால் நெல்லோடு களையும் செழிக்கும். தொட்டியிலும் இதே கதைதான். மீனின் கழிவும், தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் இதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சு. நைட்ரேட்டினால் தீங்கு குறைவு. ஆனால் அது பாசிக்குத் தழைச்சத்து. தீனியிலிருந்து கரையும் பாஸ்பேட் அதற்கு மணிச்சத்து. விளக்கு வெளிச்சமும் சேர்ந்துவிட்டால் பாசிக்கு வேறென்ன வேண்டும்?

புதுத் தொட்டியில் இந்த நுண்ணுயிர்கள் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதற்குள் தொட்டி நிறைய மீன்களை விடுவதே முதல் தவறு.

நிறத்தைக் கொண்டு அறியலாம்

பழுப்பு நிறத்தில் தூள் போலப் படிவது டயாட்டம் என்னும் நுண்பாசி. தண்ணீரிலும் புது மணலிலும் உள்ள சிலிக்காவைக் கொண்டு இது வளர்கிறது. சில வாரங்களில் பெரும்பாலும் தானே மறைந்துவிடும். கண்ணாடியைத் துடைத்து வந்தால் போதும்.

அடுத்து வருவது பச்சை. கண்ணாடியில் மெல்லிய பச்சைப் படலம் இருப்பது இயல்பே. ஆனால் கற்களின் மேல் நூல் போலப் பாசி நீண்டு வளர்ந்தால், சத்து மிஞ்சிவிட்டது என்று பொருள். இந்நிலையில் தண்ணீரைச் சோதித்தால் நைட்ரேட் இல்லை என்றும் வரலாம். அதை நம்பி ஏமாறக் கூடாது. நைட்ரேட்டைப் பாசி உண்டுவிட்டது என்பதே உண்மை.

செந்நிறத்தில் வழவழப்பான ஆடை போலப் படர்வது, நெல் வயலில் உயிர் உரமாக இடும் நீலப்பச்சைப் பாசியின் இனத்தைச் சேர்ந்தது. நீரோட்டம் குறைந்த மூலைகளில்தான் இது மிகுதியாகத் தோன்றும். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்கு நீரோட்டம் செல்லுமாறு பம்பைத் திருப்பி வைக்க வேண்டும்.

செய்யக் கூடாதவை

மயில்துத்தம் போன்ற தாமிர மருந்துகளை ஊற்றக் கூடாது. நத்தை, இறால் ஆகியவை இதனால் இறந்துவிடும். தாமிரம் சுண்ணாம்புக் கற்களிலும் படிந்து தங்கிவிடும். மருந்தால் ஒரே நாளில் மடிந்த பாசி அழுகினால், பிராணவாயு குறைந்து அம்மோனியா பெருகும். பாசிக்குப் பயந்து தொட்டியை முழுவதும் காலி செய்து கழுவுவதும் தவறு. வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால், அதிலுள்ள குளோரின் நன்மை செய்யும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவே தீனி இட வேண்டும். உறைந்த இறால் தீனியானால் நல்ல நீரில் அலசி, அந்த நீரைக் கொட்டிவிட்டு இடவும்.

2. தொட்டியில் நேர் வெயில் படக் கூடாது. மீன் மட்டும் வளர்க்கும் தொட்டிக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேர விளக்கு போதுமானது.

3. நூல் பாசியை வாரம் ஒரு முறை கையால் பறித்து வெளியே எடுக்கவும். களை எடுப்பது போலத்தான். பறித்ததை உள்ளேயே விட்டால் அழுகி மீண்டும் எருவாகிவிடும்.

4. வாரந்தோறும் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் நீரை மாற்றவும். மூன்று அடி நீளமும், ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட தொட்டியில் ஏறக்குறைய 170 லிட்டர் நீர் நிற்கும். வாரம் 20 லிட்டர் மாற்றினால் சரியாக இருக்கும். இதற்குச் சுமார் 700 கிராம் கடல்நீர் உப்புக் கலவை தேவை. சமையல் உப்பு உதவாது. உப்பு முழுவதும் கரைந்த பின் அடர்த்திமானியில் 1.023 முதல் 1.025 வரை இருக்கிறதா என்று பார்த்து ஊற்ற வேண்டும்.

5. ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நன்னீரையே ஊற்றவும். உப்பு ஆவியாவதில்லை, உப்பு நீரை ஊற்றினால் உப்பு ஏறிவிடும். உரமிட்ட வயல்களை ஒட்டிய கிணற்று நீரில் நைட்ரேட் இருக்கக்கூடும். ஆகவே ஆர்.ஓ. நீர் சிறந்தது.

பாசி மேயும் நத்தைகள் சிலவற்றை விடுவதும் பயன் தரும். ஆனால் கடற்கரையில் கிடைத்ததையெல்லாம் அள்ளி வரக் கூடாது. பவளங்களும், சில நத்தை, சங்கு இனங்களும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காக்கப்படுபவை. அழகுக்காகப் பவளத் துண்டு எடுத்து வைப்பதும் குற்றமாகும்.

இம்முறைகளைக் கையாண்டாலும் பாசி ஒரே வாரத்தில் போய்விடாது. இரண்டு மூன்று மாதங்களில் படிப்படியாகக் குறையும். அதுவரை புதிய மீன் எதுவும் விடாமல் பொறுத்திருக்க வேண்டும். களைக்கொல்லி தேடுவதை விட்டு, எருவைக் குறைப்பவரின் தொட்டியே தெளியும். மீனும் பிழைக்கும், போட்ட முதலும் நிற்கும்.