எண்ணிக்கையும் ஈமானும்



நாட்டில் முஸ்லிம்களின் தொகை பெருகிவிட்டது, வெளியிலிருந்து வந்து குடியேறுவோரால் ஊர்களின் அமைப்பே மாறுகிறது என்னும் பேச்சு உரத்து ஒலிக்கிறது. 2025 ஆகஸ்ட் 15-இல் செங்கோட்டையில் உரையாற்றிய பிரதமர், ஊடுருவலால் மக்கள் தொகை அமைப்பு மாறுவதாகக் கூறி, அதற்கென உயர் அதிகாரம் கொண்ட இயக்கம் ஒன்றை அறிவித்தார். டில்லியில் எழும் பேச்சு விழுப்புரம் ரயிலடித் தேநீர்க் கடைக்கும், திண்டிவனம் பேருந்து நிலையத்திற்கும் வந்துசேர அதிக நாள் பிடிப்பதில்லை. அங்கே நம்மவரை ஒருவர் கேட்டுவிட்டால், சிலர் அஞ்சி ஒடுங்குகின்றனர். வேறு சிலரோ, "ஆம், இன்னும் பெருகுவோம்" என்று மார்தட்டுகின்றனர். இவ்விரண்டுமே மார்க்கம் காட்டிய வழியன்று. அந்த வழி எது என்பதையே இப்பாடத்தில் பார்ப்போம்.

முதலில் உண்மையை அறிவோம்

நம்பத்தகாதவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதைத் தீர விசாரிக்க வேண்டும், இல்லையேல் அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்த நேரிடும் என ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6-ஆவது வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். எண்ணிக்கையும் ஒரு செய்திதான். அதையும் விசாரித்தே ஏற்க வேண்டும்.

2004-ஆம் ஆண்டு செப்டம்பரில், 2001-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் மதவாரிப் புள்ளிவிவரம் வெளியாயிற்று. பத்தாண்டுகளில் முஸ்லிம்கள் 36 சதவீதம் பெருகிவிட்டனர் என்று நாடெங்கும் கூக்குரல் எழுந்தது. காரணம் யாதெனில், 1991-இல் ஜம்மு காஷ்மீரில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001-இல் அம்மாநிலத்தாரையும் சேர்த்து எண்ணியதும், முன்பே வாழ்ந்துவந்த அத்தனை பேரும் புதிதாய்ப் பெருகியவர்போல் தோன்றிவிட்டது. அதைச் சரிசெய்தபோது அளவு 29 சதவீதத்தை ஒட்டி இறங்கிற்று. ஆனால் தவறான எண் ஓடிய தூரத்திற்குத் திருத்தம் ஓடவில்லை.

மறைக்காமல் முழுக் கணக்கையும் சொல்வோம். இந்திய மக்களில் முஸ்லிம்கள் 1951-இல் 9.8 சதவீதம், 2011-இல் 14.2 சதவீதம். பங்கு கூடியிருப்பது உண்மை. பெருகும் வேகம் குறைந்துவருவதும் அதேபோல் உண்மை. 2001 முதல் 2011 வரை வளர்ச்சி 24.6 சதவீதமே. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 1992-93-இல் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குச் சராசரி 4.4 குழந்தைகள், 2019-21-இல் 2.4-ஐ ஒட்டி வந்துவிட்டது. இந்துப் பெண்களிடையே அதே காலத்தில் 3.3-லிருந்து 1.9 ஆயிற்று. கல்வியும் மருத்துவமும் வரும்போது எல்லாச் சமூகத்தாரிடமும் இது நிகழ்கிறது. தமிழகத்தில் 2011-இல் நாம் 42 லட்சத்துச் சொச்சம் பேர். நூற்றுக்கு ஆறு பேர்கூட நிறையவில்லை.

பெயர்களை எழுதச் சொன்ன பெருமானார்

தலையெண்ணுவது மார்க்கத்திற்குப் புதிதன்று. ஹுதைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று ஸஹீஹுல் புகாரியில் ஜிஹாத் பாகத்தில் இடம்பெற்றுள்ளது. இஸ்லாத்தை நாவால் மொழிந்தவர்களின் பெயர்களை எழுதித் தருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஸஹாபாக்கள் எழுதினர். ஆண்கள் 1,500 பேர் இருந்தனர். இதைவிடக் குறைந்த எண்ணிக்கை கூறும் அறிவிப்புகளும் உண்டு. இத்தனை பேர் இருக்கையில் நாம் அஞ்சலாமா என்று அவர்கள் பேசிக்கொண்டனர். ஆனால் பிற்காலத்தில், ஒரு மனிதர் அச்சத்தால் தனியே தொழும் அளவுக்குச் சோதனை வந்ததைத் தம் கண்ணாலேயே கண்டதாக ஹுதைஃபா (ரலி) கூறுகிறார்கள்.

இதில் நமக்கு இரண்டு படிப்பினைகள். ஒன்று, முறையான கணக்கெடுப்பு நபிவழிக்கு மாறானதன்று. அதைக் கண்டு ஓட வேண்டியதில்லை. இரண்டு, எண்ணிக்கை மட்டும் காவலாகாது. காவலன் அல்லாஹ் ஒருவனே.

பெருமையும் ஆபத்தே

ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் களத்திற்கு முஸ்லிம்கள் 12,000 பேர் சென்றனர். இத்தனை பெரிய படை தோற்காது என்ற எண்ணம் சிலர் உள்ளத்தில் நுழைந்தது. முதல் தாக்குதலிலேயே அணிகள் சிதறின. அந்தப் பெருந்தொகை அவர்களுக்கு ஒரு பயனும் தரவில்லை என்பதை ஸூரத்துத் தவ்பாவின் 25-ஆவது வசனம் நினைவூட்டுகிறது. பத்ரிலோ முந்நூற்றுச் சொச்சம் பேருக்கே அல்லாஹ் வெற்றியளித்தான்.

"நம் தொகையைக் கொண்டு மற்றச் சமுதாயத்தாரிடம் பெருமை கொள்வதாக நாயகம் (ஸல்) கூறவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். கூறியுள்ளார்கள். அது மறுமை நாளில், மற்ற நபிமார்களின் உம்மத்துகளுக்கு முன் நிகழ்வது. நல்லோராக வாழ்ந்து முடித்தவர்களைப் பற்றியது. அந்த ஹதீஸைத் தெருச் சண்டைக்கு ஆயுதமாக்குவது அதன் கண்ணியத்தைக் கெடுப்பதாகும். தொகை மிகுந்தும் வெள்ளத்து நுரைபோல் கனமற்றுப் போகும் காலம் வரும் என்றும் அதே நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். கைபேசியில் "இன்ன ஆண்டில் நாமே பெரும்பான்மை" என்று பரப்பும் இளைஞன் சமுதாயத்திற்குச் சேவை செய்யவில்லை. பகைவர் கையில் விறகு கொடுக்கிறான்.

வந்தவர் யார்?

குடியேறுதல் என்றதும் நாம் மறந்துவிடும் செய்தி ஒன்றுண்டு. இஸ்லாத்தின் முதல் குடியேறிகள் முஸ்லிம்களே. மக்காவில் கொடுமை தாளாமல் ஹபஷா சென்றவர்களுக்குக் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி அடைக்கலம் தந்தார். மதீனாவின் அன்ஸாரிகள், வந்த முஹாஜிர்களை நேசித்தார்கள் என்று ஸூரத்துல் ஹஷ்ரில் அல்லாஹ் புகழ்கிறான்.

நம் வட்டாரத்தையே பாருங்கள். திண்டிவனத்திற்கு மேற்கே செஞ்சியில், 1714-இல் ராஜா தேசிங்கை எதிர்த்து வந்தது ஆற்காட்டு நவாபின் படை. தேசிங்கின் பக்கம் நின்று உயிர் நீத்த உற்ற நண்பர் மஹபத் கான் ஒரு முஸ்லிம். மதத்தைக் கொண்டு மண்ணின் மைந்தனையும் அந்நியனையும் பிரிக்க முடியாது என்பதற்கு இவ்வூர்க் கதையே சாட்சி. மரக்காணம் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு முகாமில் இலங்கைத் தமிழ் அகதிகள் வாழ்கின்றனர். நம் பிள்ளைகளோ வளைகுடாவில் உழைக்கின்றனர். குவைத், கத்தார், அமீரகம் ஆகிய நாடுகளில் வெளியிலிருந்து வந்தவர்களே குடிமக்களைவிட அதிகம். அங்கே நம் பிள்ளைகள் எப்படி நடத்தப்பட வேண்டுமென விரும்புகிறோமோ, அப்படியே இங்கு வருவோரை நாம் நடத்த வேண்டாமா?

கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் வந்து, ஜும்ஆவில் கடைசி ஸஃப்பில் நிற்கும் பீகார், வங்காள இளைஞர்களை நாம் எப்படி நடத்துகிறோம்? வங்காளி பேசியதும் "வங்கதேசத்தான்" என்று நம்மவரே சொல்லிவிடுவதுண்டு. இந்தியாவின் மேற்கு வங்காளத்திலேயே 2011-இல் இரண்டரைக் கோடியை ஒட்டிய முஸ்லிம்கள் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில், தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காட்சிகள் பரவின. அஞ்சிப் பலர் ஊர் திரும்பினர். விசாரிக்காமல் சொன்ன சொல், ஏழையின் கூலியைப் பறித்தது.

இல்லங்களும் ஜமாஅத்துகளும் செய்ய வேண்டியவை

1. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு நடைபெறும் என 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. வீடு தேடி வருபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். வீட்டில் பேசுவது உருது எனில் உருது. தமிழ் எனில் தமிழ். ஆளைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பிறப்புச் சான்று, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் பெயரும் வயதும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள். தாய்மார்கள் இதைப் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று. அறியாத ஒருவருக்கு "இவர் எங்கள் மஹல்லாவாசி" என்று ஜமாஅத் கடிதம் கொடுப்பது அதில் சேரும். சொந்த நாட்டானை அந்நியன் என்று கைகாட்டுவதும் அதில் சேரும். யார் அயல்நாட்டார் என்பதைச் சட்டமும் நீதிமன்றமும் தீர்மானிக்கட்டும்.

3. வெளியூர்த் தொழிலாளிக்கு ஸலாம் சொல்லி விசாரியுங்கள். நோய்க்கு மருந்து, மௌத்தானால் ஜனாஸா, கூலி மறுக்கப்பட்டால் துணை என இவற்றை ஜமாஅத் தன் கடமையாகக் கருத வேண்டும். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டார் உரிமை அவருக்குண்டு.

4. கேள்வி கேட்கும் மாற்றுமதச் சகோதரரிடம் கோபமின்றி உண்மைக் கணக்கைச் சொல்லுங்கள். அவரும் நம்மைப்போல் செய்தி கேட்டு அஞ்சியவராக இருக்கலாம்.

சகோதரர்களே! நாளை மறுமையில் நாம் எத்தனை பேர் என்று நம்மிடம் கேட்கப்படாது. ஒவ்வொருவரும் தனித்தனியே நிறுத்தப்பட்டு, தம் நாவுக்கும் கைக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் தேறும் கூட்டத்தாரில் வல்ல ரஹ்மான் நம்மையும் நம் சந்ததியரையும் சேர்த்தருள்வானாக! ஆமீன்.