பெர்லின் நகரத்து யூதப் பாடசாலை

முன்னுரை

ஒரு சமயத்தார் தம் மக்களுக்கென நிறுவும் பாடசாலை இரண்டு கடமைகளைத் தன்மேற் கொண்டுள்ளது. முன்னோர் வழிவந்த மறையையும் மொழியையும் ஒழுகலாற்றையும் இளையோர் உள்ளத்தில் ஊன்றுதல் ஒன்று. அவ்விளையோர் தம்மைச் சூழ்ந்த பெரிய உலகத்தில் அயலாரோடு கலந்து வாழத் தகுதியுறச் செய்தல் மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணுவன என்று எண்ணுவார் பலர். மதிலை உயர்த்தினால் உலகம் மறையும், கதவைத் திறந்தால் மரபு கரையும் என்பது அன்னோர் கருத்து. இக்கருத்து எத்துணை மெய்ம்மையுடையது என்று ஆராய்தற்கு, ஜெர்மனி நாட்டுப் பெர்லின் நகரத்தில் யூதர் 1778-ஆம் ஆண்டில் நிறுவிய இலவசப் பாடசாலையும், அதன் வழியில் இடையே அறுபட்டும் மீண்டும் தழைத்த கல்விப் பணியும் தக்கதொரு சான்றாகும். பல சமயத்து மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்து பயிலும் கல்லூரியில் வாழும் நமக்கு இவ்வரலாறு பயன்படுமெனக் கருதி, ஈண்டு அதனைச் சுருங்க உரைக்கப் புகுகின்றாம்.

அக்கால நிலை

பதினெட்டாம் நூற்றாண்டில் பெர்லின் நகரம் பிரஷ்ய அரசின் தலைநகராக விளங்கிற்று. மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1750-இல் விதித்த சட்டம் யூதரைப் பல வகுப்பினராகப் பிரித்து, ஒவ்வொரு வகுப்பினர்க்கும் வெவ்வேறு உரிமையும் வெவ்வேறு தடையும் வகுத்தது. நகரில் தங்குதற்கே அரசாங்கத்தின் பாதுகாப்புப் பத்திரம் வேண்டியிருந்தது. அவ்வுரிமை பெற்ற தந்தைக்கும் அதனைத் தன் மக்கள் அனைவர்க்கும் வழங்கிச் செல்ல இயலாது. அரசாங்கப் பதவிகள் யூதர்க்கு அடைபட்டிருந்தன. பிறந்த மண்ணிலேயே அவர்கள் விருந்தினர்போல், அதுவும் விரும்பப்படாத விருந்தினர்போல், வாழ்ந்து வந்தனர் எனலாம்.

யூதச் சிறுவர் பயின்ற பழைய பள்ளிகளில் எபிரேய வேதமும் தால்மூது என்னும் உரைநூலுமே பாடங்களாயிருந்தன. அப்பயிற்சி அறிவைக் கூர்மையாக்கும் இயல்பினதே. ஆயினும் நாட்டு மொழியாகிய ஜெர்மனியையும், கணக்கு, பூகோளம் முதலியவற்றையும் அங்குக் கற்க வழியில்லை. செல்வர் தம் வீட்டில் ஆசிரியரை வைத்துப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்பித்தனர். ஏழைப் பிள்ளைகளோ அவ்வாய்ப்பின்றி வளர்ந்தனர்.

இந்நிலையில் யூதர்க்கு ஒரு வழிகாட்டியாய்த் தோன்றியவர் மோசே மெண்டல்ஸோன் என்னும் அறிஞர். தெஸ்ஸௌ என்னும் ஊரில் 1729-இல் பிறந்த இவர், தம் பதினான்காம் வயதில் ஆசிரியரைத் தேடிப் பெர்லினுக்கு வந்தார். பட்டு வாணிகர் ஒருவரிடம் கணக்கராய் அமர்ந்து வயிறு வளர்த்துக்கொண்டே பன்மொழிகளையும் தத்துவ நூல்களையும் கற்றுத் தேர்ந்தார். பெர்லின் அறிஞர் கழகம் நடத்திய கட்டுரைப் போட்டியில் 1763-இல் முதற் பரிசு இவர்க்கே கிடைத்தது. பின்னாளில் உலகப் புகழ் எய்திய கான்ட் என்பாரது கட்டுரை அதற்கடுத்த இடத்தையே பெற்றது. எனினும், அக்கழகத்தார் 1771-இல் இவரை உறுப்பினராகத் தேர்ந்தபொழுது, மன்னர் அதனை உறுதிசெய்ய மறுத்துவிட்டார். கல்வி ஒருவனை எவ்வளவு உயர்த்தினும் கதவு திறவாதிருத்தல் கூடும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டாகும்.

பாடசாலையின் தோற்றம்

மெண்டல்ஸோனைச் சூழ்ந்திருந்த இளைஞருள் தாவீது பிரீட்லேண்டர் என்பவரும், அவர்தம் மைத்துனராகிய ஈசாக்கு தானியேல் இட்ஸிக் என்பவரும் 1778-இல் இப்பாடசாலையை நிறுவினர். ஏழைப் பிள்ளைகளிடம் கட்டணம் பெறாமையின் இதற்கு இலவசப் பாடசாலை என்னும் பெயர் வழங்கலாயிற்று. ஜெர்மனி, பிரெஞ்சு, எபிரேயம் ஆகிய மொழிகளும், கணிதமும், வாணிகக் கணக்கும், பூகோளமும், சித்திரமும் ஈண்டுக் கற்பிக்கப்பட்டன. யூத ஆசிரியரோடு கிறிஸ்தவ ஆசிரியரும் பாடஞ் சொல்லி வந்தனர்.

பாடசாலையின் நோக்கத்தை அதன் வாசகப் புத்தகமே நன்கு விளக்கும். பிரீட்லேண்டர் மெண்டல்ஸோனின் துணையோடு 1779-இல் வெளியிட்ட அச்சிறு நூல், யூதப் பிள்ளைகளுக்கென ஜெர்மனி மொழியில் இயற்றப்பட்ட முதல் வாசகமாகும். அதன்கண் அரிச்சுவடியும், பத்துக் கட்டளைகளும், மைமோனிதர் என்னும் யூதப் பேராசிரியர் தொகுத்த பதின்மூன்று விசுவாசப் பிரமாணங்களும், நீதிக் கதைகளும் ஒருங்கே அமைந்திருந்தன. தன் சமயத்தின் அடிப்படையையும் நாட்டு மொழியின் எழுத்தையும் பிள்ளை ஒரே ஏட்டில் கற்க வேண்டுமென்பது அவர்தம் கருத்துப்போலும். பாடசாலையோடு இணைந்து ஓர் அச்சுக்கூடமும் 1784 முதல் நடைபெற்று வந்தது.

உள்ளிருந்து எழுந்த அச்சம்

இப்புதிய கல்விமுறையை யூதர் அனைவரும் வரவேற்றனர் என்று கூறுதற்கில்லை. ஹர்த்விக் வெஸ்ஸெலி என்னும் எபிரேயப் புலவர், மனிதர்க்குப் பொதுவான கல்வியும் இறைவனது வேதக் கல்வியும் ஆகிய இரண்டும் பிள்ளைகளுக்கு வேண்டுமென்று 1782-இல் ஒரு நூல் வரைந்தார். பிராகா நகரத்து எசேக்கியேல் லாண்டௌ முதலிய பெருங்குருமார் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பொதுக்கல்வி முன்னே வந்தால் வேதக் கல்வி பின்னே தள்ளுண்டு போகும் என்று அவர் அஞ்சினர்.

அவ்வச்சத்தை அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் நடுவுநிலையாகாது. மெண்டல்ஸோன் தம் வாழ்நாள் முழுதும் யூத சமய ஒழுக்கத்தை வழுவாது காத்தவர். ஆயினும், முதிர்ந்த வயதினை எய்திய அவர்தம் மக்கள் அறுவருள் நால்வர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினர். அவர்தம் பேரராகிய பெலிக்ஸ் மெண்டல்ஸோன் என்னும் இசைவல்லார் 1816-இல், சிறுவராயிருக்கும்போதே, ஞானஸ்நானம் பெற்றார். கதவைத் திறந்தால் மரபு கரையும் என்றோர்க்கு இது வலிய சான்றாகவே தோன்றியிருக்கும்.

ஆயின் கரைவித்தது கல்விதானா என்பது ஆராயத்தக்கது. பதவியும், பேராசிரியர் பணியும், நன்மதிப்பும் ஞானஸ்நானம் பெற்றார்க்கே எளிதிற் கிட்டுவன என்னும் நிலை அந்நாட்டில் இருந்தது. உள்ளம் உணர்ந்து சமயம் மாறினார் சிலர் உளர் என்பதை யாம் மறுக்கவில்லை. எனினும், அடைபட்ட வாயிலைக் கடத்தற்குச் சுங்கமாகவே பலர் ஞானஸ்நானத்தைக் கொடுத்தனர். கிறிஸ்தவராகிய யாம் இதனை எழுதுங்கால் எமக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை. உள்ளன்பினால் ஏற்கப்படவேண்டிய அருட்கொடை, உலகியல் உரிமைக்கு விலையாக்கப்பட்டது அன்றோ? அது யூத சமயத்திற்கு இழப்பாயிற்று; கிறிஸ்தவ சமயத்திற்கும் பெருமையாகவில்லை.

கதவு திறந்ததும் அடைபட்டதும்

லாசரு பெந்தாவீது என்னும் தத்துவ அறிஞர் 1806-இல் இப்பாடசாலையின் தலைமையை ஏற்றார். கான்ட் என்பாரது தத்துவத்தை வியன்னா நகரில் விளக்கிப் பெயர் பெற்ற இவர், ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் இப்பணியில் உழைத்தார். இவர் காலத்தில் யூதப் பிள்ளைகளோடு கிறிஸ்தவப் பிள்ளைகளும் இங்குச் சேர்ந்து பயின்றனர். ஒடுக்கப்பட்ட சிறு கூட்டத்தார் தம் ஏழை மக்களுக்காகத் திறந்த பள்ளியில், ஆளும் சமயத்தாரின் பிள்ளைகளும் வந்து அமர்ந்தமை வியப்பிற்குரியது. பாடத்திட்டம் வாழ்க்கைக்குப் பயன்படுவதாயிருந்தமையே அதற்குக் காரணமாதல் வேண்டுமென்று கருதலாம். இங்கு ஒன்று குறிக்கத்தக்கது. அக்கிறிஸ்தவச் சிறுவர், யூதரைப்பற்றிப் பிறர் கூறக் கேட்டு அறிந்தவரல்லர். ஒரே பலகையில் அருகிருந்து அறிந்தவர்.

பிரஷ்ய அரசாங்கம் 1812-இல் யூதர்க்குக் குடியுரிமை வழங்கிச் சட்டம் செய்தது. நெப்போலியனது வீழ்ச்சிக்குப்பின் காலப்போக்கு மாறிற்று. அளித்த உரிமைகள் சுருக்கப்படலாயின. 1819-இல் யூதப் பாடசாலைகள் கிறிஸ்தவப் பிள்ளைகளைச் சேர்த்தலாகாது என்று அரசாங்கம் தடைவிதித்தது. யூதப் பிள்ளை கிறிஸ்தவப் பள்ளிக்குச் செல்லலாம். கிறிஸ்தவப் பிள்ளை யூதப் பள்ளிக்குச் செல்லலாகாது. கலந்து வாழ வேண்டுமென்று யூதரை நோக்கிக் கூறிய அரசாங்கமே, அவர்கள் அதனைச் செய்துகாட்டியபோது தடுத்துவிட்டது. யூதர் தனித்து ஒதுங்கி வாழ்பவர் என்று குறைகூறுவோர் இந்நிகழ்ச்சியை உன்னுதல் வேண்டும். இப்பள்ளியின் கதவை அடைத்த கை உள்ளிருந்து நீண்டதன்று; வெளியிலிருந்து நீண்டது.

அதன்பின் பாடசாலை நீண்டகாலம் நிலைக்கவில்லை. 1825-இல் அது மூடப்பட்டது.

வழித்தோன்றலும் பேரழிவும்

அடுத்த ஆண்டாகிய 1826-இல் பெர்லின் யூத சபையார் சிறுவர் பள்ளியொன்றைத் தொடங்கினர். யூத இலக்கிய ஆராய்ச்சியின் தந்தையெனப் போற்றப்படும் லேயோபோல்டு சுன்ஸ் அதன் முதல் தலைவராயினார். இப்பள்ளி 1863 முதல் பெரிய ஹம்பர்க் தெருவில் நடைபெறலாயிற்று. 1906-இல் அங்கு அதற்குப் புதிய கட்டடம் எழுந்தது. அதன் அருகிலேயே பழைய யூதக் கல்லறைத் தோட்டம் உள்ளது. 1786-இல் இறந்த மெண்டல்ஸோன் அடக்கம் செய்யப்பட்ட இடமும் அதுவே.

1933-இல் ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்றினார். அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் இயற்றிய சட்டம் பொதுப்பள்ளிகளில் யூத மாணவரின் தொகையைக் குறுக்கிற்று. அதன் விளைவாக யூதப் பள்ளிகளை நாடிப் பிள்ளைகள் திரண்டு வந்தனர். வெளியே வகுப்புத் தோழராலும் ஆசிரியராலும் இழிவுபடுத்தப்பட்ட சிறுவர்க்குப் பள்ளியே புகலிடமாயிற்று. 1938 நவம்பரில் பொதுப்பள்ளிகளினின்றும் யூதப் பிள்ளைகள் முற்றும் விலக்கப்பட்டனர். 1942 ஜூன் மாத இறுதியில் ஜெர்மனியிலிருந்த யூதப் பள்ளிகள் யாவும் மூடப்பட்டன.

இதன்பின் நிகழ்ந்ததை எழுதக் கை கூசுகின்றது. பள்ளியின் பக்கத்திலிருந்த யூத முதியோர் இல்லமும், பின்னர்ப் பள்ளிக் கட்டடமும், யூதரைப் பிடித்து அடைத்துக் கொலைக்களங்களுக்கு அனுப்பும் தங்கற்சிறைகளாக மாற்றப்பட்டன. பெர்லின் நகரினின்றும் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டோர் 50,000-க்கும் மேற்பட்டவர். அகரம் பயின்ற அறைகளிலேயே மக்கள் தம் மரணப் பயணத்திற்குக் காத்துக்கிடந்தனர். 1943-இல் கல்லறைத் தோட்டமும் அழிக்கப்பட்டது. இறந்தோர்க்கும் அங்கு இடமில்லாது போயிற்று.

மீண்டும் தழைத்தல்

போருக்குப்பின் நகரம் இரண்டாகப் பிரிந்தது. கிழக்குப் பகுதியில் அமைந்த இக்கட்டடம் தொழிற்கல்விப் பள்ளியாகப் பயன்பட்டது. 1990-இல் ஜெர்மனி ஒன்றுபட்டபின், சோவியத்து நாடுகளாயிருந்தவற்றினின்றும் யூதரும் அவர்தம் குடும்பத்தினருமாக ஏறக்குறைய 2,00,000 பேர் ஜெர்மனியிற் குடியேறினர். சமயக் கல்வி தடுக்கப்பட்ட நாட்டில் வளர்ந்தமையால், தம் முன்னோர் மறையை அறியாதவர் அவருட் பலர்.

1993-இல் அதே தெருவில், அதே கட்டடத்தில், யூத உயர்நிலைப் பள்ளி மீண்டும் திறக்கப்பட்டது. 2012 முதல் அது மோசே மெண்டல்ஸோன் பெயரைத் தாங்கி நிற்கின்றது. மரபைக் கடுமையாகக் காக்கும் குடும்பத்தாரும், தாராளக் கொள்கையினரும், சமயப் பற்று மிகாதவரும் ஆகிய யூதரின் பிள்ளைகள் அங்கு ஒருங்கு பயில்கின்றனர். அவர்களோடு யூதரல்லாத பிள்ளைகளும் சேர்க்கப்படுகின்றனர். எபிரேய மொழியும் யூத சமயப் பாடமும் அனைவர்க்கும் உரியன. யூதத் திருநாட்களில் பள்ளிக்கு விடுமுறை. உணவும் யூத முறைப்படியே சமைக்கப்படுகின்றது. 1819-இல் அரசாங்கம் அடைத்த கதவை, 174 ஆண்டுகட்குப்பின் பெர்லின் யூதர் மீண்டும் திறந்தனர். கொலையுண்டோரின் வழிவந்தோர் எல்லா வாயில்களையும் மூடிக்கொண்டிருந்தால் அவரைக் குறைகூற எவர்க்கு உரிமையுண்டு? அவர் அங்ஙனம் செய்திலர் என்பதே இவ்வரலாற்றின் பெருஞ்சிறப்பு. ஆயினும் வாயிலில் காவலர் நின்று காக்கும் நிலை இன்னும் நீங்கவில்லை என்பதையும் சொல்லாதிருத்தல் இயலாது.

முடிவுரை

முதற்கண் எழுப்பிய வினாவிற்கு வருவாம். மரபும் திறந்த கதவும் தம்முள் முரணுவனவா? பெர்லின் பாடசாலை அவ்வாறு காட்டவில்லை. ஒரே வாசகப் புத்தகத்தில் சமயப் பிரமாணமும் நாட்டு மொழியும் இடம்பெற்றன. ஒரே வகுப்பில் இரு சமயத்துச் சிறுவரும் இடம்பெற்றனர். தன் விளக்கை அணைத்துவிட்டு அயலானை அழைப்பதன்று விருந்தோம்பல். விளக்கேற்றிய இல்லத்திற்கு அழைப்பதே விருந்தோம்பல். மரபைக் கரைத்தது திறந்த கதவன்று. சமயத்தை உரிமைக்கு விலையாகக் கேட்ட அநீதியே என்பது எமது துணிபு.

மற்றோர் உண்மையும் இதனாற் பெறப்படும். சமயப் பொறை என்பது பெரியோர் சிறியோர்க்கு இடும் பிச்சையென்று நாம் பெரும்பாலும் நினைக்கின்றோம். பெர்லினில், குடியுரிமையும் இல்லாத சிறு கூட்டத்தாரே அதனைக் கற்பித்தனர். வலியோர் கற்க மறுத்தனர். எந்த நாட்டிலும், எந்தக் கலாசாலையிலும், தொகையால் மிக்கோர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா ஒன்றுண்டு: நம் அருகில் அமரும் அயற்சமயத்தான் தன்னை மறைத்துக்கொண்டு அமர்கின்றானா, தானாகவே அமர்கின்றானா? அவ்வினாவிற்கு நேர்மையாக விடையிறுக்கும் பள்ளியே பள்ளியாகும்.