உற்றது உரைத்தல்

2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகள் பல, செங்கல்பட்டு மாவட்ட இல்லங்களில் இன்று பழையனவாகிவிட்டன. அவை இயங்க மறுக்கும்போது, அறிந்தாரிடம் வினவும் முறையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

மின்சாரம் பெற்றதும் கணினி தன் உறுப்புகளைச் சோதிக்கும். பழைய முறையில், வட்டின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதன் வழியே இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும். இவற்றுள் எந்தப் படியில் தடை நேர்ந்தது என்பதை அறியாமல் தீர்வு கூற இயலாது. ‘ஓடவில்லை’ என்னும் ஒற்றைச்சொல் உதவாது. கணினியின் வகை, திரையில் தோன்றிய செய்தி, தாம் செய்து பார்த்தவை ஆகியவற்றை உள்ளவாறே கூறல் வேண்டும். மாமல்லபுரக் கடற்கரையின் உப்புக்காற்றில் இணைப்பு முனைகள் அரிக்கப்படலாம். எனவே, கணினி இருந்த இடத்தையும் சொல்லுதல் நன்று.

நன்னூல் கூறும் எண்வகை விடைகளுள் உற்றது உரைத்தலும் ஒன்று. ‘இக்கணினி இயங்குமா?’ என்பார்க்கு, ‘நேற்று இதில் நீர் பட்டது’ என்பது அவ்வகை விடை. நாணி அதனை மறைத்தால், பொருந்தாத அறிவுரையால் வட்டிலுள்ள பாடக்குறிப்புகளும் குடும்பப் படங்களும் அழிந்துபோகலாம்.

தெரியாததைக் கேட்பது அறியா வினா, அதில் இழிவில்லை. தீர்வு கிட்டியபின் நன்றி கூறுவதோடு, பழுது நீங்கிய வழியையும் பலரறியச் சொல்லுதல் கடமை. அடுத்து வினவுவார்க்கு அதுவே விடையாகும்.